லதீஃபாவின் கண்டத்தைத் தின்றவர்கள்

லதீஃபா கறுப்பு அல்வாவைக் கத்தியால் பலகை பலகையாக அறுத்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு பலகையையும் உள்ளங்கையால் தட்டி ஒரே தடிமனுக்குக் கொண்டுவந்தாள். ஓரம் பிசிறினால் விரலில் நெய் தொட்டு மூடினாள். பிறகு அதைப் பச்சை அல்வாவுக்குள் சரிவாகச் செருகினாள். ஒரு நுனி வெளியே தெரிந்தது. மறு நுனி பச்சைக்குள் போய்க் காணாமல் போனது.

"சீனியக்கா, சரிவு போதுமா?"

"எனக்கென்ன தெரியும்? படுக்கையில கிடக்கிறவங்களுக்குத் தலைமாட்டை எவ்வளவு தூக்கணும்னு கேளு, சொல்றேன்" என்றேன்.

"ஏறக்குறைய அந்த அளவுதான் வேணும்."

"அப்ப இன்னும் கொஞ்சம் கூட்டு."

கூட்டினாள். அல்வா வெடிக்கவில்லை. கைப்பக்குவம் உள்ளவள்.

இது பலகாரக் கடைக்கான வேலை இல்லை. பள்ளியைப் பாதியில் விட்ட பெரியவர்களுக்கான பத்தாம் வகுப்புச் சமநிலைப் படிப்புக்கு அவள் கொண்டுபோக வேண்டிய மாதிரி. கடல்தரை எப்படிக் கரைக்கு அடியில் போகிறது, அங்கே பாறை எப்படி உருகி மேலே வருகிறது, அதனால் கண்டம் எப்படி உண்டாகிறது என்று வகுப்பில் எழுந்து நின்று சொல்ல வேண்டும். சொன்னால் மார்க். மார்க் இருந்தால்தான் ஹால் டிக்கெட்.

லதீஃபா பள்ளுருத்தியில் பிறந்தவள். ஒன்பதாம் வகுப்பில் இருந்தபோது அம்மா கிணற்றடியில் வழுக்கி விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டார். மூத்த பெண் இவள்தான். பள்ளிக்கூடப் பை ஆணியில் தொங்கியது, தொங்கியபடியே பூஞ்சை பிடித்தது. பிறகு கல்யாணம். மட்டாஞ்சேரி பஜாரில் சாக்குக் கடை வைத்திருக்கும் அப்துல் ஜலீலுக்கு வாழ்க்கைப்பட்டாள். இரண்டு மகன்கள், இருவரும் இப்போது வளைகுடாவில். பின்னால் மாமியார் பக்கவாதத்தில் விழுந்தார். அப்போதுதான் வீட்டுக்குப் போய் நோயாளிகளைப் பார்க்கும் வேலையில் நான் அந்தப் படி ஏறினேன்.

நான் போய்ப் பார்த்தபோது எனக்கு அங்கே அதிக வேலை இருக்கவில்லை. நோயாளியை நேரத்துக்குத் திருப்பிப் படுக்க வைத்திருந்தாள். விரிப்பில் ஒரு சுருக்கம் இல்லை. குதிகாலுக்குக் கீழே மடித்த துணி வைத்திருந்தாள். யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டேன். "அழுத்தினா புண்ணாகும்ல அக்கா" என்றாள். அந்த மாமியார் வருஷக்கணக்காகக் கிடந்து, முதுகில் ஒரு புண் இல்லாமல் போய்ச் சேர்ந்தார். எங்கள் தொழிலில் இதற்கு மேல் பாராட்டு கிடையாது.

அதன் பிறகு நான்தான் சொன்னேன், நான் படித்த பராமரிப்புப் பயிற்சியில் சேர் என்று. விசாரித்தால், இப்போது பத்தாம் வகுப்புச் சான்றிதழ் கேட்கிறார்கள். என் காலத்தில் இரண்டு கையும் பொறுமையும் கேட்டார்கள். சரி, விதி விதிதான். அவள் ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் சேர்ந்தாள். கணக்கு வந்தது, இங்கிலீஷ் நொண்டிக்கொண்டு வந்தது. வராதது ஒன்றுதான். நாலு பேர் முன்னால் நின்றால் அவளுக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும்.

சுபாஷிணி டீச்சர் அவள் பெயரைக் கூப்பிட்ட ஞாயிறுகளில் எல்லாம் ஏதாவது நடந்தது. ஒரு நாள் அடுப்பில் குக்கர் இருப்பதாகச் சொல்லி ஓடினாள். ஒரு நாள் மழையே இல்லாமல் துணி நனைவதாகச் சொன்னாள். அடுத்த முறை கணவனுக்குப் பல்வலி. ஜலீலின் கடைவாய்ப் பற்கள் போய்ப் பல வருஷம் ஆகிறது என்பது ஊருக்கே தெரியும். கடைசியில் டீச்சர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: இந்த ஞாயிறு பேசாவிட்டால் திங்கட்கிழமை மார்க் பட்டியல் மேலே போய்விடும், இந்த வருஷம் பரீட்சை இல்லை.

தலைப்பு சீட்டுக் குலுக்கிக் கொடுத்தது. ஆட்டோ ஓட்டும் ரஃபிக்குச் சாலை விதிகள் விழுந்தது. நகரசபையில் குப்பை வண்டியில் வேலை செய்யும் பாலையாவுக்குக் குப்பை மேலாண்மை விழுந்தது. அவர் எழுந்து நின்று தன் அன்றைய வேலையைச் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். ஜலீலின் தங்கை நௌஷிதா தையல்காரி; அவளுக்குப் பருத்தி விழுந்தது. லதீஃபாவுக்குக் கிடைத்தது கண்டம்.

மட்டாஞ்சேரியில் பாறை கிடையாது. தோண்டினால் தண்ணீர் வரும், இன்னும் தோண்டினால் சேறு வரும், அதற்கு மேல் தோண்டினால் பக்கத்து வீட்டுக்காரர் வருவார். இந்த ஊரில் இருந்துகொண்டு, தரை என்பது அடியில் வெந்து மேலே வந்தது என்றால் யார் நம்புவார்கள்? லதீஃபாவும் முதலில் நம்பவில்லை. பிறகு படித்தாள். படித்த பிறகு அவளை நிறுத்த முடியவில்லை. அடுப்பிடம் பேசினாள், அம்மியிடம் பேசினாள். ஜலீல் என்னிடம் வந்து முறையிட்டார்.

"சீனியக்கா, சோறு கேட்டா மாக்மா வருது. நேத்து மீன்குழம்புல மீனைக் காட்டி, 'இது கடல்தரை, பாருங்க, ஓரம் கீழே போகுது'ங்கிறா. நான் எப்படித் திங்கிறது?"

"ஓரத்துலேர்ந்து தின்னுங்க" என்றேன்.

மாதிரி செய்வதற்கு மற்றவர்கள் தெர்மோகோல் வாங்குவார்கள். அவளுக்குத் தெர்மோகோலை வெட்டத் தெரியாது. மாவும் சர்க்கரையும் அவள் சொன்னதைக் கேட்கும். அதனால் கடல்தரை கறுப்பு அல்வா, கறுப்பு, கனம். அடியில் இருக்கும் சூடான பாறை பச்சை அல்வா. "புத்தகத்துல சிவப்பா போட்டிருக்கு அக்கா. ஆனா அந்தக் கல்லு நிசமா பச்சைதானாம். கெட்டிதான், ஆனா அழுத்திக்கிட்டே இருந்தா மெல்ல நகருமாம். அல்வாவே தான்." கண்டத்துக்குத் தேங்காய்ப்பால் ஊற்றி ஆவியில் வேகவைத்த வெள்ளைக் கிண்ணத்தப்பம், வெளுப்பு, லேசு. கடலுக்கு நீலச்சாயம் போட்டுக் காய்ச்சி உறையவைத்த கடல்பாசி. உருகிய பாறைக்கு ஸ்ட்ராபெரி ஜாம். எரிமலைக்கு உச்சியில் குழி தோண்டிய ஒரு கட்லட்.

பார்க்க நன்றாகத்தான் இருந்தது. அவள் செய்த தப்பு இரண்டு. ஒன்று, அது நோன்பு மாதம். இரண்டு, மாதிரியை வைக்க வீட்டில் வேறு பெரிய தட்டு இல்லாமல், அதை சஹனில் வைத்தாள்.

சஹன் என்பது நாலு பேர் சுற்றி உட்கார்ந்து ஒன்றாகக் கைவைத்துச் சாப்பிடும் பெரிய வட்டத் தட்டு. அவர்கள் வீட்டில் கல்யாணத்துக்கும் நோன்பு திறப்பதற்கும்தான் வெளியே வரும். ஈ மொய்க்காமல் இருக்க அதன் மேல் பூவேலை செய்த துணியையும் போட்டு மூடினாள். நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். எனக்கும் உறைக்கவில்லை.

ரஃபியின் ஆட்டோவிலேயே போனோம். சஹன் எங்கள் இருவர் மடியிலும் இருந்தது. ரஃபி ஒவ்வொரு பள்ளத்திலும் திரும்பிப் பார்த்தான்.

"லதீஃபாத்தா, நெய் மணம் வருதே."

"ரோட்டைப் பாரு."

"நான் நோம்பாளி. மணத்தையாவது விடுங்க."

வகுப்பு நடப்பது ஒரு ஆரம்பப் பள்ளியின் கீழ் அறையில். பெஞ்சுகள் எல்லாம் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளின் உயரம். பெரியவர்கள் உட்கார்ந்தால் முழங்கால் தாடையைத் தொடும். மற்றவர்கள் முன்பே பேசி முடித்திருந்ததால் அன்றைக்கு வந்திருந்தது சிலர்தான். கலூரிலிருந்து பஸ்ஸில் வரும் டீச்சர், தோப்பும்படிப் பாலத்துக்கு அப்பால் வழி அடைத்துக் கிடப்பதாகப் போன் செய்தார். காத்திருந்தோம். வெயில் சாய்ந்தது. சஹனை மேசை நடுவில் வைத்துவிட்டு லதீஃபா பின்பக்கக் குழாயடிக்குப் போனாள், சுவரிடம் பேசிப் பார்க்க. நான் டீச்சர் வருகிறாரா என்று வாசல் கேட்டுக்குப் போனேன்.

பள்ளிவாசலில் பாங்கு சொன்னார்கள்; நோன்பு திறக்கும் நேரம்.

நான் திரும்பி வந்தபோது துணி மடித்து ஓரத்தில் வைத்திருந்தது. மரியாதையாக மடித்திருந்தார்கள். மேசையைச் சுற்றி ரஃபி, நௌஷிதா, பாலையா. பாலையா நோன்பாளி இல்லை. மற்றவர்கள் நோன்பு திறக்கும்வரை தானும் பச்சைத் தண்ணீர் குடிக்காமல் இருந்தவர், அதனால் மற்றவர்களை விட வேகமாகச் சாப்பிட்டார். இவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. மூடிய சஹன் நோன்பு திறக்கும் நேரத்தில் மேசைக்கு வந்தால் அதற்கு அந்த ஊரில் ஒரே அர்த்தம்தான். கைவைக்காமல் விட்டால்தான் கொண்டுவந்தவளுக்கு அவமானம்.

லதீஃபா பேரீச்சம்பழக் கொட்டையைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றாள். சஹனில் பச்சையும் நீலமும் கொஞ்சம் அப்பிக் கிடந்தன.

"வா மைனி" என்றாள் நௌஷிதா, உதட்டில் ஜாம். "உன் கை கைதான். ஆனா எல்லாத்தையும் ஏன் இப்படிச் சாய்ச்சு அடுக்கியிருக்கே?"

"உங்களுக்குன்னு ஒரு கட்லட்டு எடுத்து வச்சிருக்கோம் லதீஃபாத்தா" என்றான் ரஃபி. "நடுவுல ஓட்டை விழுந்திருக்கு, பரவால்ல."

"அது எரிமலை" என்றாள் லதீஃபா.

யாரும் மெல்லவில்லை.

"அப்ப நான் தின்னது?" பாலையா மெதுவாகக் கேட்டார்.

"கறுப்பா இருந்ததா?"

"ஆமா."

"கடல்தரை."

"முழுசும் தின்னுட்டேனே மோளே."

அப்போதுதான் டீச்சர் உள்ளே வந்தார். வியர்வை, தோளில் பை, கையில் குடை. டீச்சர் பேசுவது மலையாளம். அன்று எல்லாரும் பேசியது பாதி அதுதான். நான் தமிழில் எழுதுகிறேன்.

"லதீஃபா, நேரம் இல்ல. நான் கடைசி பஸ்ஸைப் பிடிக்கணும். மாதிரி எங்கே?"

ரஃபிக்கு உண்மையை வாய்க்குள் வைத்துக்கொள்ளத் தெரியாது. "டீச்சர், கண்டம் நல்லா மெத்துன்னு இருந்துச்சு" என்றான்.

டீச்சர் சஹனைப் பார்த்தார். மூன்று பேரின் வாயையும் பார்த்தார். பையை மேசையில் வைத்தார்.

"மாதிரி இல்லாட்டியும் பரவாயில்ல. வாயால சொன்னா போதும். ஆனா சொல்லணும். இன்னைக்கு விட்டா நான் ஒண்ணும் செய்ய முடியாது."

லதீஃபா என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். அடுத்தது குக்கர்தான். நான் கதவை அடைத்துக்கொண்டு நின்றேன். என் உடம்பு வாசலுக்குப் போதுமான அகலம்.

அப்போது பாலையா ஏப்பம் விட்டார். அல்வா ஏப்பம், நெய் மணத்தோடு வந்தது.

அந்த ஏப்பத்தில்தான் அவளுக்குக் கோபம் வந்தது. விடிகாலை சஹர் சாப்பாட்டுக்குப் பிறகு கண் மூடாமல் கிண்டிய அல்வா அது. கோபம் வந்ததும் நாக்கு மேலண்ணத்தை விட்டுக் கழன்றது.

"பாலையா சேட்டா, எழுந்திரிங்க. கடல்தரை உங்க வயித்துலதானே இருக்கு? நீங்கதான் கடல்தரை. தரையில குப்புறப் படுங்க."

"நானா?"

"பின்னே நானா தின்னேன்? ரஃபி, கிண்ணத்தப்பம் தின்னது நீ. பெஞ்சு மேல ஏறி உட்காரு. நீ கண்டம். நௌஷி, நீ ஜாம். பெஞ்சுக்குப் பின்னால தரையில உட்காரு."

"மைனி, புதுச் சுரிதார்."

"ஜாம் திங்கறப்ப நினைச்சிருக்கணும்."

டீச்சர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். பஸ்ஸில் நின்று வந்த கால்.

லதீஃபா பாலையாவின் தோளில் கிடந்த தோர்த்துத் துண்டைப் பிடுங்கிக் குழாயில் நனைத்து, பிழியாமல் கொண்டுவந்து அவர் முதுகில் விரித்தாள். அவர் கத்தினார்.

"சும்மா இருங்க. கடல்தரை எத்தனை காலமா தண்ணிக்குள்ள கிடக்கு! ஈரம் அதோட உடம்புக்குள்ளயே ஊறியிருக்கு. தண்ணி இல்லேன்னா இந்தக் கதையே இல்ல." பிறகு நோன்பு திறக்க அவர்கள் கொண்டுவந்ததில் மிஞ்சிய பேரீச்சங்கொட்டைகள், காகிதக் கோப்பைகள், சமோசா சுற்றிவந்த பேப்பர் எல்லாவற்றையும் அள்ளி ஈரத்தோர்த்தின் மேல் பரப்பினாள். "இது கடல் அடியில படிஞ்ச சேறு. இப்ப ஊர்ந்து பெஞ்சுக்கு அடியில போங்க."

"எதுக்கு நான்தான் அடியில போகணும்? ரஃபி போகட்டுமே, சின்ன வயசு."

"நீங்க கனம், அவன் லேசு."

"அவனா லேசு? அவன் ஏறினா ஆட்டோவே சாயுது!"

"சேட்டா, உடம்பைச் சொல்லல. தின்னதைச் சொல்றேன். கடல்தரை ஆறிப்போய்க் கனமாயிடுச்சு. கண்டம் எப்பவும் லேசு, அது முங்காது. ரெண்டும் முட்டினா கனமானதுதான் கீழே போகும். போங்க."

பாலையா போனார். முழங்கையை ஊன்றி, குப்பை வண்டியில் இத்தனை வருஷம் வேலை செய்த தேகத்தைப் பெஞ்சுக்கு அடியில் செலுத்தினார். பெஞ்சின் விளிம்பு அவர் முதுகில் இருந்த குப்பையை வழித்தது. கோப்பையும் கொட்டையும் பேப்பரும் பெஞ்சுக்கு முன்னால் குவிந்தன.

"பாருங்க டீச்சர்" என்றாள் லதீஃபா. "கீழே போறப்ப மேல இருக்கிற சேறெல்லாம் வழிச்சு எடுபட்டுக் கரையோட ஒட்டிக்கும். கண்டம் இப்படியும் கொஞ்சம் வளருது."

"என் குப்பையை நானே கொட்டறேன்" என்றது பெஞ்சுக்கு அடியிலிருந்து ஒரு குரல்.

இடுப்புவரை போனார். அங்கே நின்றுவிட்டார்.

"போங்க சேட்டா."

"போகல மோளே."

"பின்னால வாங்க."

"வரல. மாட்டிக்கிச்சு. உன் அல்வாதான்."

ரஃபி பெஞ்சிலிருந்து குனிந்து பார்த்தான். அவன் குனியக் குனியப் பெஞ்சு அழுந்தியது. பாலையா வலியில் அப்பனையும் அம்மையையும் கூப்பிட்டார். அவர் எம்பி எம்பி மூச்சு விட்டதில் தோர்த்து பெஞ்சின் அடிப்பலகையில் நசுங்கி, அதிலிருந்த தண்ணீர் முழுவதும் பிழிந்து பின்பக்கமாக ஓடியது. அங்கே நௌஷிதா சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தாள்.

"அய்யோ படச்சோனே!" என்று அலறிக்கொண்டு அவள் எழுந்தாள். எழுந்தது மட்டுமல்ல, பின்னால் ஜன்னலோரம் இருந்த இன்னொரு மேசை மேலேயே ஏறி நின்றாள்.

லதீஃபாவின் முகம் மலர்ந்தது. அவள் இதை ஏற்பாடு செய்யவில்லை. ஆனால் வந்ததை விடுகிறவள் இல்லை.

"அதேதான் டீச்சர்! கீழே போன பாளத்தை அழுத்தம் பிழியுது. தண்ணி மேல இருக்கிற சூட்டுப் பாறைக்குள்ள ஏறுது. அந்தப் பாறை அதுவரைக்கும் அவ்வளவு சூட்டுலயும் உருகாமதான் கிடந்தது, இவ உட்கார்ந்திருந்த மாதிரி. தண்ணி பட்டதும் உருகுது, மேல வருது. சூடு கூடல. அதே சூடுதான்."

"தண்ணி பட்டா எப்படி உருகும்? ஆறத்தானே செய்யும்?" டீச்சர் கேட்டார். பரீட்சைக்குக் கேட்டாரா, தெரிந்துகொள்ளக் கேட்டாரா, சொல்ல முடியாது.

"டீச்சர் வெல்லப்பாகு காய்ச்சியிருக்கீங்களா? வெறும் சட்டியில வெல்லத்தைப் போட்டு மிதமா தீ வச்சா கல்லாட்டம் கிடக்கும். ஒரு கை தண்ணி தெளிங்க. அதே தீயில இளகி ஓடும். பாறைக்கும் வெல்லத்துக்கும் ஒரே கணக்கில்ல, ஆனா மனசுல நிக்க இது போதும்."

"மோளே," என்றது கீழேயிருந்து, "பாகு அப்புறம் காய்ச்சலாம்."

இதற்கு மேல் விட்டால் மூச்சுப் பிடிப்பு வரும். நான் கதவை விட்டு வந்தேன். கையைப் பிடித்து இழுக்கப் போன ரஃபியின் மணிக்கட்டில் ஒரு அடி கொடுத்தேன். கையை இழுத்தால் தோள்தான் கழலும். தரையில் உட்கார்ந்து பாலையாவின் இடுப்பில் இரண்டு கையையும் வைத்தேன்.

"பாலையா, மூச்சை முழுசும் வெளியே விடு. இடது முழங்காலை மடக்கு. நான் சொல்றப்ப ஒருக்களிச்சுத் திரும்பு."

"திரும்பினா?"

"வெளிய வருவ. திரும்பலேன்னா நாளைக்கு ஒண்ணாம் கிளாஸ் பிள்ளைங்க உன் மேல உட்காரும்."

இதற்கிடையில் லதீஃபா நிறுத்தவில்லை. "டீச்சர், மாட்டிக்கிறதும் நிசத்துல நடக்கிறதுதான். மேல் பாளமும் கீழ் பாளமும் ஒண்ணையொண்ணு கவ்விக்கிட்டு நிக்கும். பின்னாலேர்ந்து தள்ளுறது மட்டும் நிக்காது. வருஷக்கணக்கா இறுகிக்கிட்டே இருக்கும். அப்புறம் ஒரு நாள் …"

"இப்ப திரும்பு" என்றேன்.

பாலையா திரும்பினார். பெஞ்சு ஒரு பக்கம் எகிறியது. ரஃபி மறுபக்கம் சரிந்து, குவிந்து கிடந்த காகிதக் கோப்பைகள் மேல் உட்கார்ந்தான். மேசை ஆடியது, நௌஷிதா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். பாலையா மீன் போல வழுக்கிக்கொண்டு மறுபுறம் வந்து சேர்ந்தார்.

"… விடும்" என்று முடித்தாள் லதீஃபா. "அந்தமானுக்குத் தெற்கே அப்படி மாட்டிக் கிடந்தது விட்ட நாள்தான் சுனாமி வந்தது."

சிரித்துக்கொண்டிருந்தவர்கள் நிறுத்தினார்கள். கடலோரத்து ஆட்கள், அந்த நாள் எங்கே இருந்தோம் என்று எல்லாருக்கும் ஞாபகம் இருந்தது. பாலையா தரையில் கிடந்தபடியே கையை நெஞ்சில் வைத்தார். பிறகு ரஃபி தன் பின்பக்கத்திலிருந்து ஒரு பேரீச்சங்கொட்டையை எடுத்துக் காட்டினான். மறுபடி சிரிப்பு வந்தது.

டீச்சர் சிரிக்கவில்லை. "ஒண்ணு கேக்கிறேன். கடல்தரையும் ஒரு காலத்துல உருகி வந்த பாறைதான். இப்ப எரிமலையில வர்றதும் உருகின பாறைதான். அப்படின்னா அது ஏன் கறுப்பு, கனம்? கண்டம் மட்டும் ஏன் வெளுப்பு, லேசு?"

இதுதான் கஷ்டமான கேள்வி என்று எனக்கே தெரிந்தது. லதீஃபாவின் கைகள் முந்தானையைத் தேடின. ஒரு கணம் வாசலைப் பார்த்தாள். வாசலில் இப்போது நான் இல்லை. ஓடியிருக்கலாம்.

"புளி டீச்சர்" என்றாள்.

"என்ன?"

"புளியைக் கரைச்சு வச்சா மண்டி அடியில தங்கும். மேல தெளிஞ்சதை இறுத்து எடுப்போம். அதை வேற பாத்திரத்துல வச்சா இன்னும் கொஞ்சம் மண்டி நிக்கும். திரும்ப இறுத்தா இன்னும் தெளிவு. உருகின பாறையும் ஒரேயடியா மேல வர்றதில்ல. வழியில தங்கித் தங்கி வருது. தங்கற இடத்துலயெல்லாம் கனமான கறுப்புச் சரக்கு முதல்ல கட்டியாகி அடியில நிக்குது. லேசானது மேல போகுது. சிலப்போ முன்னமே இறுகினதைச் சூடு திரும்பவும் உருக்கி இறுத்துக் குடுக்குது. கடல்தரை ஒரு தடவை காய்ச்சினது. கண்டம் இறுத்து இறுத்து எடுத்தது. அதான் அது முங்காம நிக்குது. கடல்தரை புதுசு புதுசா வந்து கீழே போயிடும், கரை அங்கேயே கிடக்கும். அதனால கடலுக்கடியில இருக்கிற கல்லை விட மலையில இருக்கிற கல்லு ரொம்பப் பழசு."

"இது எப்ப ஆரம்பிச்சது?"

"அது தெரியாது டீச்சர்."

"தெரியாதா?"

"எனக்கு மட்டுமில்ல. படிச்சவங்களுக்குள்ளயே அதுல சண்டைதானாம்."

டீச்சர் தலையாட்டினார். நேரத்தைப் பார்த்தார். பிறகு சஹன் ஓரத்தில் தனியாக இருந்த எரிமலையை எடுத்துக் கடித்தார். மத்தியானம் சாப்பிடாதவர் போலிருக்கிறது. முழுவதும் தின்று முடிக்கும்வரை லதீஃபா உதட்டைக் கடித்துக்கொண்டு டீச்சரின் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"உப்பு ஒரு துளி குறைவு" என்றார் டீச்சர். "மார்க் போட்டுட்டேன். ஹால் டிக்கெட் வரும். பேச வராதுன்னு இனிமேல் என்கிட்ட சொல்லாதே, நிறுத்தத்தான் வரல. ரஃபி, என்னை பஸ் ஸ்டாப்புல விடு."

லதீஃபா அழவில்லை. அவளுக்கு அந்தப் பழக்கம் இல்லை. சஹனைக் குழாயடிக்கு எடுத்துக்கொண்டு போய்க் கழுவினாள். தேவைக்கு மேல் நேரம் கழுவினாள். நான் தரையைத் துடைத்தேன். நௌஷிதா மேசையிலிருந்து இறங்குவதற்கு ஆள் தேடினாள்.

மறுநாள் காலையில் பாலையாவின் மருமகள் ரஜிதா எனக்குப் போன் செய்தாள். மாமாவுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது, கட்டிலிலிருந்து எழுந்திருக்க முடியவில்லை, கேட்டால் கடல்தரை கண்டம் என்று என்னவோ உளறுகிறார், ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போகவா என்றாள். கால் மரத்துப்போகிறதா, மூத்திரம் ஒழுங்காகப் போனதா என்று கேட்டேன். எல்லாம் சரியாக இருந்தது. வெறும் பிடிப்புதான். சாயங்காலம்வரை பார்ப்போம், குறையாவிட்டால் டாக்டர் என்றேன். நான் போகவில்லை. லதீஃபாவை அனுப்பினேன்; பின்னாலேயே போய் வாசலோரம் நின்றேன்.

"நீயா?" என்றார் பாலையா. "இன்னைக்கு எதுக்கு அடியில போகணும்?"

"ஒண்ணுக்கும் அடியில போக வேண்டாம் சேட்டா. கையை நெஞ்சு மேல வையுங்க. முழங்காலை மடக்குங்க. மூச்சை விடுங்க."

தோளிலும் இடுப்பிலும் கைவைத்து, உடம்பு ஒரே பலகை போல இருக்க அவரை ஒருக்களிக்கத் திருப்பினாள். காலைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டு, அந்தக் கனத்திலேயே அவரை எழுப்பி உட்கார வைத்தாள். தன் முதுகை வளைக்கவில்லை, முழங்காலைத்தான் மடக்கினாள். பிறகு வெந்நீர்ப் பையைத் துணியில் சுற்றி அவர் இடுப்புக்குப் பின்னால் வைத்தாள். ரஜிதா கொண்டுவந்த சாயாவை வாங்கி, சூடு பார்த்து, அவர் கையில் கொடுத்தாள்.